கத்தரிப்பூ நிறத்துக்கு எந்த மென்பொருள்?

“12 ஜூலை 2016, செவ்வாய். விடியற்காலையிலிருந்து மழை. நான்கிலும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றில்தான் கத்தரிப்பூ கத்தரிப்பூவாக வருகிறது. அண்ணாச்சி அதையே வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை.”

இது என் கையெழுத்துதான். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது சிறு வயதிலிருந்தே எனக்குள்ள பழக்கம். வீட்டில் கேலி செய்வார்கள். இதே சம்பவத்தை எங்கள் போட்டோகிராபர் ரஃபீக் எங்கே சொன்னாலும் ஆகஸ்டில் நடந்தது என்றுதான் ஆரம்பிப்பான். ஜூலை. அன்று செவ்வாய்க்கிழமை.

இப்போது இதை எழுதக் காரணம், போன மாதம் எங்கள் பழைய ஸ்டுடியோவின் வாட்ஸப் குழுவில் வந்த ஒரு கேள்வி. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் வேலை செய்யும் தனலட்சுமி ஆங்கில எழுத்தில் கேட்டிருந்தாள்: “அக்கா, சொந்தமா வேலை ஆரம்பிக்கேன். ரா ஃபைல் எடிட் பண்ண சீப்பா எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, இரண்டு பேர் சண்டையும் தொடங்கியிருந்தார்கள். “முதல்ல தலைக்கு மேல பாரு” என்று மட்டும் நானும் அதே எழுத்தில் எழுதினேன். அவள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். விளக்கம் கீழே. தனலட்சுமிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாராவது அவளுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. 1984-இல் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கலர் லேபில் சேர்ந்தேன். சுனாபட்டியிலிருந்து நடந்தே போய் வருவேன். பிலிமைக் கழுவி, வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து அச்சுப் போடுவது வேலை. அங்கே கற்ற ஒரே பாடத்தைத்தான் கடைசி வரை வைத்துப் பிழைத்தேன்: கண் ஏமாறும், அட்டை ஏமாறாது. அட்டை என்றால் சாம்பல் நிற அட்டை. எந்த வெளிச்சத்தில் எதைப் படம் எடுத்தாலும் முதல் படத்தில் அந்த அட்டையையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு அந்த அட்டை சாம்பலாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்தினால், மற்ற எல்லா நிறங்களும் தம் இடத்தில் வந்து உட்காரும். டிஜிட்டல் வந்து லேப் மூடியபோது அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான். தாராவியில் தங்கதுரை அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் சேர்ந்த அன்று அட்டையை நீட்டியதும் அவர் வாங்கிப் பார்த்தார். “என்னம்மா இது, திருநீறு பூசின மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து அது திருநீறு அட்டை.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தோல் பை தைத்தவர். வெளிநாட்டுக்குப் பை அனுப்புகிற கம்பெனிகள் படம் கேட்டபோது, அடுத்தவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று தானே ஒரு கேமரா வாங்கினார். ஸ்டுடியோ பிறந்தது அப்படித்தான். தொண்ணூறடி சாலைக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய மாடி அது. முன்பாதி, ஃப்ளாஷ் விளக்குகளும் கறுப்புத் திரையுமாகப் படம் எடுக்கும் இருட்டறை. பின்பாதியில் எங்கள் மூன்று கணினிகள். அவற்றுக்கு மேலே கூரையில், சிமெண்டு ஷீட்டுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி போன்ற ஃபைபர் ஷீட்.

அண்ணாச்சி எந்நாளும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார். கணினி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால் வந்து நிற்பார், தோல் ஒட்டும் பசை வாடை வரும், திரும்பாமலே தெரிந்துகொள்வோம். யார் விலை சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வைப்பார். “சரி” என்ற சொல்லை மூன்று விதமாகச் சொல்வார். முதல் சரிக்குக் கேட்டுக்கொண்டேன் என்று பொருள். இரண்டாவதற்கு முடியாது என்று பொருள். மூன்றாவது வந்தால் மட்டும் வேலையைத் தொடங்கலாம்.

அவருக்கு மாறாத ஒரு வழக்கம் இருந்தது. காலை பத்து மணிக்கு, அன்றைக்குத் திருத்த வேண்டிய பொருளைக் கூரை வெளிச்சத்தில், திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவார். திரையில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலை. “மேல உள்ளவன் வெளிச்சம்மா. அது பொய் சொல்லாது” என்பார்.

ரா ஃபைல் என்றால் என்ன என்று நான் அவருக்கு விளக்கியபோதும், சொல்லி முடிப்பதற்குள் தன் தொழிலிலிருந்து அவரே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். கேமரா கண்டதை அப்படியே, எதுவும் சேர்க்காமல் குறைக்காமல் வைத்திருக்கும் கோப்பு என்றேன். “பச்சைத்தோல்னு சொல்லு. பதம் போட்டுட்டா போட்டதுதான். பச்சையா இருந்தா செருப்பும் தைக்கலாம், பையும் தைக்கலாம்” என்றார். பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

2016 மே மாதம் எங்களுக்குப் பட்டுப்புடவை வேலை கிடைத்தது. மாட்டுங்காவில் பழைய ஜவுளிக்கடை ஒன்று இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தது. புடவைகளை மூட்டையாக அனுப்புவார்கள். நாங்கள் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவோம். முதல் மூட்டை நன்றாகப் போனது. ஜரிகை இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். ஜூனில் அண்ணாச்சி புதுக் கேமரா வாங்கினார். எங்களிடம் இருந்த பழைய மென்பொருள் அதன் ரா ஃபைலைத் திறக்கவே மறுத்தது. தனக்குப் பிந்திப் பிறந்த கேமராவை அதற்குத் தெரியாது. அதன் புதுப்பதிப்பை விலைக்குக் கொடுப்பதில்லை, மாத வாடகைக்கு மட்டும்தான் என்றார்கள்.

“கோலிக்கு பாடா குடுக்கோம், சரி. போட்டோவுக்கும் பாடாவா?” என்றார் அண்ணாச்சி. கோலி என்றால் இங்கே அறை, பாடா என்றால் வாடகை. இது இரண்டாவது வகைச் சரி.

“மூணு மெஷினுக்கும் கணக்குப் பாத்தா வருசத்துக்கு என் ஒரு மாசச் சம்பளத்தத் தாண்டுது அண்ணாச்சி” என்றான் ரஃபீக்.

“அப்ப உன்ன நிறுத்திட்டு அத வச்சிக்கிடவா?”

“அது டீ வாங்கிட்டு வராதே.”

நான்கை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எல்லாமே ஒரு மாதமாவது இலவசமாகப் பார்க்கக் கிடைத்தவை. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அண்ணாச்சி வாயில் நிற்கவில்லை. அதனால் எங்கள் பெயர்களே நிலைத்தன. மாத வாடகைக்காரன் பாடா. இரண்டாவது, ஒருமுறை பெரிய தொகை கொடுத்து வாங்குவது. ஆனால் புதுப்பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி ஒரு தொகை கொடுக்க வேண்டும். பம்பாயில் பக்டி என்று ஒரு வீட்டு முறை உண்டு, மொத்தமாகப் பணம் கட்டியும் முழுச் சொந்தம் ஆகாது. அதனால் இதற்குப் பக்டி என்று பெயர். மூன்றாவது, கேமராவோடு கம்பெனியே சும்மா கொடுத்தது. பெண்ணோடு வந்ததால் சீதனம். நான்காவது, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கூடி எழுதி யாருக்கும் இலவசமாகத் தருவது. அது தர்மம்.

சோதனை முறையை நான்தான் வகுத்தேன். ஒரே ரா ஃபைல்களை நான்கிலும் திறப்பது. அரக்குப் பட்டில் ஜரிகை, மயில்கழுத்து, சந்தன நிறம், கத்தரிப்பூ, இருட்டுப் பகுதிக்காக ஒரு கறுப்புத் தோல் பை. திருநீறு அட்டையைக் காட்டி வெள்ளையைச் சரி செய்வதோடு நிறுத்திக்கொள்வது, வேறு எதையும் தொடாமலிருப்பது. பிறகு பத்து மணிக்கு அண்ணாச்சி புடவையைத் திரையருகே பிடிப்பார்.

மற்ற நிறங்களில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்துக் காட்டியது கத்தரிப்பூ. சிவப்பும் நீலமும் சண்டை போடும் நிறம் அது. டிஜிட்டல் கேமராக்களுக்கு எப்போதுமே கண்டம். பாடாவில் வந்த கத்தரிப்பூ கையிலிருந்த புடவையோடு அப்படியே ஒட்டியது. பக்டி கொஞ்சம் தள்ளி நின்றது. சீதனமும் தர்மமும் சிவப்பாக இருந்தன.

“தர்மத்துக்கு வந்ததப் பாரு, பீட்ரூட் அரைச்சு ஊத்தின மாதிரி” என்றார் அண்ணாச்சி. “காசுக்கேத்த தோச. பாடாவையே வாங்கிருவோம். சரி.”

மூன்றாவது சரி. அன்று எழுதியதுதான் முதலில் சொன்ன குறிப்பு. மனசு ஒப்பாததற்கு ஒரு சிறு காரணம் இருந்தது. பாடாவிலும் அட்டையைக் காட்டியிருந்தேன், தர்மத்திலும் காட்டியிருந்தேன். இரண்டிலும் அட்டை சாம்பலாகத்தான் இருந்தது. அட்டை இரண்டுக்கும் சாட்சி சொல்லும்போது கண் மட்டும் ஒன்றின் பக்கம் ஏன் நிற்கிறது? விடை தெரியவில்லை.

புதுக் கேமரா வந்ததிலிருந்தே பாடாவின் இலவச மாதத்தை வைத்துத்தான் கடையின் வேலையைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதே வாரம் வியாழக்கிழமை மாட்டுங்காவிலிருந்து போன். கடையில் பல வருடங்களாகப் பட்டு கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் காமாட்சி மாமி. ஸ்பீக்கரில் போட்டோம்.

“துரை, என்ன பண்ணிண்டிருக்கேள் அங்கே? புடவையெல்லாம் பூமராங் மாதிரி திரும்பி வந்துண்டிருக்கு. படத்துல நாவப்பழம், பொட்டியத் தொறந்தா கத்தரிப்பூங்கறா. ஒரு பொண்ணு போன்ல அழறது, நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினாளாம்.”

“மாமி, இங்ஙன பக்கத்துல வச்சு ஒண்ணுக்கு ரெண்டு மட்டம் பாத்துத்தான் அனுப்புதோம்.”

“நீங்க பாத்தா போறுமா? வாங்கறவா பாக்க வேண்டாமா? மொதலாளி பையன் அந்தேரிலேந்து வேற ஆளைக் கூப்பிடறேங்கறான். ஆடி முடியறதுக்குள்ள அத்தனை படத்தையும் சரி பண்ணிக் குடுத்தேள்னா தீபாவளி வேலை உங்களுக்கு. இல்லேன்னா நான் ஒண்ணும் பேச முடியாது.”

போனை வைத்ததும் அண்ணாச்சி ஒரு முடிச்சை அவிழ்ப்பதுபோல மெதுவாகச் சொன்னார். “தோல் பைக்கு நிறம் பாக்க ஆள் வேண்டாம் விஜயா. கறுப்பும் பழுப்பும்தான. புடவை சோலி போச்சின்னா…” நிறம் பார்க்கிற ஆள் நான்தான். எனக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதில் வேறு ஸ்டுடியோ ஏறி இறங்குவதை என்னால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

படத்தை எல்லாம் மறுபடி எடுக்கலாம் என்றால், புடவைகள் அங்கே இல்லை. பாதி விற்றுப்போய்விட்டன, மீதி வேறு கிளைகளுக்குப் போய்விட்டன. கையில் இருந்தவை ரா ஃபைல்கள் மட்டும். எது சரியான நிறம் என்று தெரியாமல் அவற்றைத் திருத்துவது எப்படி?

மாமி கணினியில் எதையும் பார்க்க மாட்டார், போனிலும் பார்க்க மாட்டார். “காகிதத்துல கொண்டாங்கோ” என்பார். அதுவே எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். நான்கு மென்பொருளிலும் வந்த கத்தரிப்பூவை வெளியே லேபில் ஒரே தாளில், ஒரே அளவில் அச்சடித்தேன். முதுகில் பென்சிலால் பெயர் எழுதினேன். சனிக்கிழமை காலை நானும் அண்ணாச்சியும், திரும்பி வந்ததில் மாமி எங்களுக்கு அனுப்பியிருந்த கத்தரிப்பூப் புடவை ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு மாட்டுங்கா போனோம். அங்கே போய் வந்தபின் நெட் சென்டரில் பாடாவுக்கு வருடப் பணம் கட்டுவதாக ஏற்பாடு. கார்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

கடைக்குள் மஞ்சள் விளக்கு. மாமி புடவையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “உள்ளே என்னத்தப் பாக்கறது? வாசலுக்கு வாங்கோ” என்றார். மாட்டுங்காவில் பட்டு வாங்கும் எந்தப் பெண்ணும் செய்வதுதான் இது. மழை சற்று விட்டிருந்தது. வாசலில் நின்ற யாருடைய ஸ்கூட்டர் சீட்டையோ முந்தானையால் துடைத்து, புடவையை விரித்து, நான்கு படங்களையும் அதன்மேல் வரிசையாக வைத்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

“இதுதான்” என்று ஒன்றைத் தட்டினார்.

அண்ணாச்சி அதைத் திருப்பினார். முதுகில் தர்மம் என்று இருந்தது.

“மாமி, இன்னொருக்கா பாருங்க. அது ஓசில வந்தது.”

“ஓசியோ காசோ, புடவை இதுதான். பாருங்கோளேன், நூல் நூலா ஒட்டிண்டிருக்கு. இதோ, இது நாவப்பழம்.” அந்த நாவல்பழத்தின் முதுகில் பாடா.

நானும் குனிந்து பார்த்தேன். மாமி சொன்னது சரி. என் கண்ணுக்கும் அப்படியே தெரிந்தது. பீட்ரூட் எங்கே போயிற்று என்று புரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், தாராவி டிப்போ நெருங்கும்போது அண்ணாச்சி கேட்டார். “ஏம்மா, மாட்டுங்காவுக்கு ஒரு சூரியன், தாராவிக்கு ஒரு சூரியனா?”

“ஒண்ணுதான அண்ணாச்சி.”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

ஸ்டுடியோவுக்குள் வந்ததும் தர்மத்தில் அந்தப் படத்தைத் திறந்தேன். அண்ணாச்சி புடவையைத் திரையருகே பிடித்தார். மறுபடி பீட்ரூட். ஒட்டவேயில்லை. பையிலிருந்து தர்மத்தின் அச்சுப்படத்தை எடுத்துப் புடவையின்மேல் வைத்தேன். ஒட்டியது. வாசலில் ஒட்டிய மாதிரியே ஒட்டியது. அச்சும் திரையும் ஒரே கோப்பு. புடவைக்கு அச்சு ஒட்டுகிறது, திரை ஒட்டவில்லை.

“லஃப்டா ஸ்கிரீன்லயா?” என்றான் ரஃபீக், கோளாறு திரையிலா என்ற பொருளில். கம்பிகளைத் தட்டிப் பார்த்தான்.

திரை பழையதுதான். மே மாதம் சரியாகக் காட்டிய திரை. நான் திரும்பி, புடவையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணாச்சியைப் பார்த்தேன். புடவையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது.

“அண்ணாச்சி, வீட்டுல சட்டைக்குச் சொட்டு நீலம் கூடுதலாப் போட்டுட்டாங்களா?”

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். “காலைல மாட்டுங்காவுல வெள்ளையாத்தான இருந்துச்சு?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தினோம்.

கூரையில் ஃபைபர் ஷீட்டின் மேல் தாட்பத்ரி. ஜூன் பிறந்தால் பம்பாயில் எந்தக் குடிசையானாலும் பட்டறையானாலும் மேலே இழுத்துக் கட்டுகிற நீலப் பிளாஸ்டிக் படுதா. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டியதுதான். தாராவியை மேலேயிருந்து பார்த்தால் கடல் உள்ளே வந்துவிட்டதோ என்று தோன்றும். அதற்குக் கீழே வருடக்கணக்காக வேலை பார்த்தோம். கறுப்புப் பைக்கும் பழுப்புப் பைக்கும் அந்த நீலம் ஒன்றும் செய்யவில்லை. யாரும் குறை சொன்னதும் இல்லை. கத்தரிப்பூ வந்து உட்கார்ந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது.

நடந்தது இதுதான். நீல வெளிச்சத்தில் புடவை நீலம் பூசித் தெரிந்தது. அச்சுப்படமும் அதே வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால் அதுவும் நீலம் பூசிக்கொண்டு, இரண்டும் ஒட்டின. திரைக்கு மட்டும் சொந்த வெளிச்சம். அது மழையையும் பார்ப்பதில்லை, தாட்பத்ரியையும் பார்ப்பதில்லை. பத்து மணிக்கு மேல உள்ளவன் வெளிச்சத்தில் நாங்கள் தேடியது, நீலம் பூசிய புடவைக்கு ஒட்டுகிற திரையை. கத்தரிப்பூவை இயல்பாகவே சற்று நீலமாகக் காட்டும் பாடா அதில் ஜெயித்தது. உண்மையைச் சொன்ன தர்மம் தோற்றது. படம் எடுக்கும் இருட்டறைக்குள் இந்த வெளிச்சம் நுழைவதில்லை. அதனால் ரா ஃபைல்கள் அத்தனையும் சுத்தம்.

“ரஃபீக், ஏறுல மேல!” என்றார் அண்ணாச்சி.

“மழை தூறுது அண்ணாச்சி.”

“தூறட்டும். ஏறு.”

அவன் சன்னல் வழியாகக் கூரைக்கு ஏறினான். மேலே தொம் தொம் என்று சத்தம், கயிறு அறுபடும் சத்தம், பக்கத்துப் பட்டறைக்காரர் இந்தியில் ஏதோ கத்துகிறார், ரஃபீக் பதிலுக்கு ஏதோ கத்துகிறான். தாட்பத்ரி சரசரவென்று விலகியது. அந்தக் கணத்தை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அண்ணாச்சியின் கையிலிருந்த புடவை எங்கள் கண்ணெதிரே நாவல்பழத்திலிருந்து கத்தரிப்பூவாகப் பழுத்தது. பக்கத்துத் திரையில் இருந்ததும் அதே கத்தரிப்பூ. இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியவில்லை.

“ஏ மாதா!” என்றார் அண்ணாச்சி. ஷீட்டின் விரிசல் வழியாக மழைத்துளி அவர் தலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு நாங்கள் செய்ததைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. தர்மம் ஜெயித்தது, போதும் என்று நிறுத்தவில்லை. அண்ணாச்சிதான் சொன்னார்: “வெளிச்சம் தப்புன்னா முன்னால சொன்ன தீர்ப்பு எல்லாம் தப்பு. முதல்லருந்து பாரு.” சோதனையை மறுபடி நடத்தினோம். ஜரிகையின் பளபளப்பில் பாடாதான் முதலிடம், அதை மறைக்க மாட்டேன். கத்தரிப்பூவையும் அதில் சிறிது திருத்தி வழிக்குக் கொண்டுவர முடிந்தது. கறுப்புத் தோலின் இருட்டில் பக்டி நன்றாக இருந்தது. சீதனத்தின் நிறம் கச்சிதம், வேகம் மாட்டுவண்டி. ஒரு மூட்டைப் புடவைக்கு அதை நம்பி உட்கார்ந்தால் ஆடி முடிந்து ஆவணியும் முடிந்துவிடும். தர்மத்தில் திருகுவதற்கு ஏகப்பட்ட பித்தான்கள், பாதியின் பயன் எனக்குக் கடைசி வரை தெரியாது, எப்போதாவது சொல்லாமல் மூடிக்கொள்ளும். ஆனால் அட்டையைக் காட்டி ஒரு படத்தைச் சரி செய்தால், அதே திருத்தத்தை ஒரு மூட்டை முழுவதற்கும் ஒரே மூச்சில் போட்டது. மூன்று கணினியிலும் ஏற்றலாம், நெட் போனாலும் ஓடும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“சரி” என்றார் அண்ணாச்சி. மூன்றாவது.

தாட்பத்ரிக்குப் பதிலாக நிறமில்லாத கனத்த பிளாஸ்டிக் கட்டினோம். மேகம் மூடிய நாட்களுக்காகப் பகல் வெளிச்ச விளக்கு ஒன்றை வாங்கினோம். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் சிறு கருவி ஒன்றும் வாங்கினோம். பாடாவுக்கு என்று ஒதுக்கிய பணம் இதற்கெல்லாம் போக மிஞ்சியது. ஜூனிலிருந்து செய்த ஒவ்வொரு மூட்டையின் ரா ஃபைலையும் திறந்து, போட்ட திருத்தத்தை எல்லாம் கழித்துவிட்டுப் பச்சைத்தோலிலிருந்து மறுபடி தொடங்கினேன். புடவை எதுவும் கையில் இல்லை. ஒவ்வொரு மூட்டையின் முதல் படத்திலும் திருநீறு அட்டை இருந்தது. அது போதும்.

வரலட்சுமி நோன்புக்கு முந்திய நாள், ஆடி முடிய இன்னும் நாள் இருக்கையிலேயே, அச்சுப் படங்களோடு மாட்டுங்கா போனோம். மாமி, கடைக்குத் திரும்பி வந்திருந்த புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசலுக்கு வரவழைத்தார். அன்றைக்கு நோன்புப் புடவை வாங்க வந்த கூட்டம் வேறு. வந்த பெண்களும் சுற்றி நின்று நடுவர்களாகிவிட்டார்கள். மயில்கழுத்துக்குத் தலையாட்டினார்கள். அரக்குக்குத் தலையாட்டினார்கள். கத்தரிப்பூப் படத்தைப் புடவையின்மேல் வைத்தபோது ஒரு பெண், “இந்தப் படத்துல இருக்கறதே எனக்கு வேணும்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாமி கண்ணாடியைக் கழற்றினார். “ஏண்டி விஜயா, இவ்வளவு நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?”

“ரஃபீக் கூரையில ஒளிச்சு வச்சிருந்தான் மாமி” என்றார் அண்ணாச்சி.

தீபாவளி வேலை எங்களுக்கே வந்தது. அடுத்த தைக்குள் செம்பூரிலிருந்தும் இரண்டு கடைகள் வந்தன. நிறம் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று அண்ணாச்சியே சொன்னார். அப்படி வந்தவள்தான் இப்போது கேள்வி கேட்கும் தனலட்சுமி. நான் ஐம்பத்தெட்டு முடிந்து, என் விருப்பப்படி, என் நாற்காலியிலிருந்தே ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணாச்சி அந்த மென்பொருளை எழுதும் ஆர்வலர்களுக்கு ஒரு தொகை அனுப்பி வைப்பார். “தர்மத்துல சாப்பிட்டா உண்டியல்ல போடணும்லா” என்பார். இப்போதும் அனுப்புகிறார், ரஃபீக் சொன்னான்.

ஆக, தனலட்சுமி, உன் கேள்விக்குப் பதில். இருக்கிற காசில் முதலில் வெளிச்சத்தை வாங்கு. அடுத்து திரையைச் சரி செய். பிறகு இலவசமாகக் கிடைப்பதில் உன் சொந்த ரா ஃபைலைப் போட்டுப் பார். உன் வேலையில் எது கஷ்டமான நிறமோ அதை வைத்துச் சோதி. காசு கொடுத்தால்தான் வரும் என்று அதன்பிறகும் ஒன்று இருந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கு, தப்பே இல்லை. அட்டையை மறக்காதே.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் மாமி போனில் சொன்னது. அந்தக் கடைக்குப் பட்டு வரும் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில், கத்தரிப்பூச் சாயம் போடும்போது எங்கள் படத்தின் அச்சைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் நூலின் நிறத்தைப் பிடிக்கிறார்களாம். புடவையைப் பார்த்துப் படத்தைத் திருத்தியவர்கள் நாங்கள், இப்போது படத்தைப் பார்த்துப் புடவை வருகிறது என்று மாமி சிரித்தார். அவருக்குச் சொன்னவர் கடைக்கு மூட்டை கொண்டுவரும் ஒருவர், அவர் பெயர் மாமிக்கு நினைவில்லை. நான் காஞ்சிபுரம் போனதில்லை, அந்தப் பட்டறை எது என்றும் எனக்குத் தெரியாது. செய்தியை இதுவரை சரிபார்க்கவில்லை. அதன் கூரை என்ன நிறம் என்பதையும்.